ஊசித் தட்டின் வரலாறு

முதுகில் போடும் ஊசியின் கதையை யார் எழுதினாலும் அது டாக்டர்களின் கதையாகவே இருக்கிறது. யார் முதலில் குத்தினார், எந்த ஊரில், எந்த வருடம் என்று போகும். அந்த ஊசியைக் கழுவியது யார், எதில் கொதிக்க வைத்தார்கள், மருந்து எந்த அலமாரியில் இருந்தது என்பதெல்லாம் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. நான் தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் தியேட்டர் சிஸ்டராக இருந்தவள். பிறகு நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றேன். ஸ்பைனல் என்று நாங்கள் சொல்லும் இந்த முதுகு ஊசிக்கான தட்டை அடுக்குவது என் வேலையாக இருந்ததால், இந்தக் கதை எனக்குத் தட்டுப் பக்கத்திலிருந்துதான் தெரிகிறது. பெரிய பெரிய விபத்துகளில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான் நடந்திருக்கின்றன.

தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது அல்லது இரண்டாவதன் அருகே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு இழைகள் மட்டும் நீரில் மிதக்கின்றன. அந்த நீர் ஆளுக்குச் சுமார் 150 மில்லி. தினமும் அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரந்து, பழையது உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். நோயைக் கண்டுபிடிக்க நீரை எடுப்பதும், மரத்துப் போகச் செய்ய மருந்தைச் செலுத்துவதும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே ஊசியால்தான்.

1891ல் இரண்டு பேர் தனித்தனியாக, நீர் எடுத்ததைப் பற்றி எழுதினார்கள். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் வால்டர் எசெக்ஸ் விண்டர், காசநோய் மூளை உறையைத் தாக்கிய நோயாளிகளுக்கு அழுத்தம் குறையட்டும் என்று நீரை வடித்தார். யாரும் பிழைக்கவில்லை. ஜெர்மனியின் வடகோடியில் கடலோரம் இருக்கும் கீல் நகரத்தில் ஹைன்ரிக் குவிங்க்கே, தலையில் நீர் கோர்த்த குழந்தைகளுக்கு இதைச் செய்தார். உள்ளே கம்பி செருகிய ஊசி அவருடையது. குத்தும்போது கம்பி உள்ளே இருக்கும், இடத்தை அடைந்ததும் கம்பியை உருவினால் நீர் சொட்டும். அந்தக் கம்பியை ஸ்டைலெட் என்போம். குத்திய பிறகு நோயாளி ஒரு நாள் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

சில வருடத்திலேயே சாவுகள் வந்தன. பெர்லினில் பால் ஃபியூர்பிரிங்கர் என்ற மருத்துவர், நீர் எடுத்த பிறகு திடீரென்று இறந்த நோயாளிகளைப் பற்றி 1890களின் நடுவிலேயே எழுதிவிட்டார். மூளையில் கட்டி இருந்து மேலே அழுத்தம் கூடியிருக்கும் ஆளுக்குக் கீழே ஒரு துளை போட்டால், மூளையின் அடிப்பகுதி மண்டையோட்டின் கீழ்வாய்க்குள் இறங்கி நெரிபடுகிறது. மூச்சை நடத்தும் இடம் அங்கேதான் இருக்கிறது. நீர் எடுக்கும் முன் கண்ணுக்குள் விளக்கடித்து நரம்பின் தலை வீங்கியிருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பது இதற்காக. எங்கள் ஊரில் சி.டி. ஸ்கேன் வரும் முன்பு அந்தச் சின்ன விளக்கு ஒன்றுதான் காவல். அதில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்து வைப்பதும் நர்ஸ் வேலைதான்.

அதே கீல் நகரத்தில் எஸ்மார்க் என்ற பெரிய அறுவை மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர் ஆகஸ்ட் பீர். (கை கால் அறுவையில் ரத்தத்தை வழித்து மேலேற்ற நாங்கள் சுற்றும் ரப்பர் கட்டு அந்த எஸ்மார்க்கின் பெயரில்தான் இன்றும் இருக்கிறது.) 1898 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒரு கூலித் தொழிலாளியின் கணுக்காலில் காசநோய் அரித்த எலும்பை எடுக்க, பீர் அவர் முதுகில் 15 மில்லிகிராம் கோகெய்ன் செலுத்தினார். வலி தெரியவில்லை. பிறகு தலைவலியும் வாந்தியும் வந்தன. அடுத்தடுத்த நோயாளிகள் சிலருக்கும் அப்படியே. இது எதனால் என்று தன் உடம்பிலேயே பார்த்துவிடுவது என்று பீர் முடிவு செய்தார்.

ஆகஸ்ட் 24 அன்று அவருடைய உதவியாளர் ஹில்டெபிராண்ட் பீரின் முதுகில் ஊசியை இறக்கினார். ஊசி சரியாகத்தான் போனது. மருந்து இருந்த சிரிஞ்சை மாட்டப் போனால், சிரிஞ்சின் மூக்கு ஊசியின் வாயில் பொருந்தவில்லை. பொருத்திப் பார்க்கப் பார்க்க நீர் கொட்டிக்கொண்டே இருந்தது, மருந்தும் வழிந்துவிட்டது. சரி, நீ படு என்று பீர் அவரைப் படுக்க வைத்து 5 மில்லிகிராம் கோகெய்ன் போட்டார். அது வேலை செய்தது. மரத்துப் போனதைச் சோதிக்கத் தொடைக்குள் ஊசி ஏற்றினார், எரியும் சுருட்டை வைத்தார், முழங்காலுக்குக் கீழ் எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார், இன்னும் எழுத முடியாததையும் செய்தார். ஹில்டெபிராண்டுக்கு வலிக்கவில்லை. இருவரும் அன்றிரவு ஒயின் குடித்து, சுருட்டுப் பிடித்துக் கொண்டாடினார்கள்.

ஹில்டெபிராண்டுக்கு அந்த இரவே வாந்தி, தலைவலி. பீர் மறுநாள் வேலைக்குப் போனார், தலை கனத்தது. எழுந்தால் வலி, படுத்தால் இல்லை. ஒன்பது நாள் இப்படி. பீருக்கு மருந்தே உள்ளே போகவில்லை, நீர் மட்டும் வெளியே போயிருந்தது. ஆகவே தலைவலிக்குக் காரணம் நீர் இழப்பாகத்தான் இருக்கும் என்று அவர் சரியாகவே ஊகித்தார். இந்த ஊகத்தை அவருக்குக் கொடுத்தது தட்டில் வைத்த பொருந்தாத சிரிஞ்சு. பின்னாளில் ஹில்டெபிராண்ட், இந்த முறையை முதலில் கண்டவர் பீர் இல்லை, 1885லேயே நியூயார்க்கில் கோகெய்ன் போட்டுப் பார்த்த லெனர்ட் கார்னிங்தான் என்று எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டார். அத்தனை அடியும் வாங்கியவர் வேறென்ன செய்வார்.

அந்தத் தலைவலியோடு எங்கள் வார்டுகள் நெடுங்காலம் குடித்தனம் நடத்தின. ஸ்பைனல் போட்டு வந்தவருக்குத் தலையணை கிடையாது, ஒரு நாள் முழுக்கத் தட்டையாகப் படுக்க வேண்டும். தலைவலி வந்துவிட்டால் கட்டிலின் கால்மாட்டுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துவோம். பிள்ளை பெற்றவள் எழுந்து உட்கார்ந்து பால் கொடுக்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்தே கொடுப்பாள். கடுங்காப்பி வாங்கிக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னால் மாமியார் நம்ப மாட்டார், “பச்ச ஒடம்புக்காரிக்குக் காப்பியா?” என்பார். காப்பியில் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் குவிங்க்கே காலத்திலிருந்து வந்த அந்தத் தட்டைப் படுக்கையால் தலைவலியைத் தடுக்க முடிவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இப்போது சொல்கிறார்கள். நூறு வருடமாகத் தலையணையைப் பிடுங்கியது வீண்.

தலைவலியைக் குறைத்தது ஊசியின் பருமனும் முனையும். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் வாண்டம், டிரிப்ஸ் இருவரும் 10,098 ஸ்பைனல்களைப் பின்தொடர்ந்து 1956ல் எழுதினார்கள். தலைவலி மொத்தத்தில் 11 சதவீதம், பெண்களுக்கு ஆண்களைப் போல் இரண்டு மடங்கு, தடித்த 16 கேஜ் ஊசியில் 18 சதவீதம். 1951லேயே ஹார்ட், விட்டக்கர் இருவரும் பென்சில் முனை ஊசியை அறிமுகம் செய்திருந்தார்கள். குவிங்க்கே ஊசி, நீரைச் சுற்றியுள்ள உறையை வெட்டிக்கொண்டு போகும். இது கோரைப்பாயில் குச்சியை நுழைப்பது போல இழைகளை விலக்கிக்கொண்டு போகும். எங்கள் தட்டுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. நாங்கள் வைத்திருந்தது திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்த 20, 22 கேஜ் ஊசிகள். ஒவ்வொரு முறையும் முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்போம். ஒரு இழை மாட்டினாலும் முனை வளைந்திருக்கிறது என்று அர்த்தம், ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்கினால் ஸ்டோரில் மாற்று ஊசி இருக்க வேண்டுமே, அது வேறு கதை.

தலைவலி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். அடங்காவிட்டால் ஊசித் துளையை மூடுவதற்கு வழி கண்டவர் ஜேம்ஸ் கோர்ம்லி என்ற அறுவை மருத்துவர். குத்தும்போது ரத்தம் கலந்து வந்த நோயாளிகளுக்குத் தலைவலி குறைவாக வருகிறது என்று கவனித்து, 1960ல் ஏழு பேருக்கு அவரவர் ரத்தத்தையே இரண்டு மூன்று மில்லி எடுத்து உறைக்கு வெளியே செலுத்தினார். கையிலிருந்து எடுத்த ரத்தம் முதுகில் உறைந்து துளையை அடைக்கிறது. 1970ல் டிஜியோவானி, டன்பார் இருவரும் அளவை 10 மில்லி ஆக்கிய பிறகு உலகம் அதை ஏற்றுக்கொண்டது. தலைவலியை அற்பம் என்று விடக்கூடாது. நீர் குறைந்து மூளை கீழே தொய்யும்போது மேலே இழுபடும் மெல்லிய ரத்த நாளம் அறுந்து, மண்டைக்குள் ரத்தக் கட்டு உருவாகலாம். கண்ணைத் திருப்பும் நரம்பு இழுபட்டு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியலாம்.

இனி செஸ்டர்ஃபீல்டு. ஒவ்வொரு ஆண்டும் மாணவிகளுக்கு இதைச் சொல்லாமல் நான் பாடத்தை முடித்ததில்லை.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியில் இருக்கிறது அந்த ஊர். 1947 அக்டோபர் 13 அன்று அங்குள்ள மருத்துவமனையில் ஆல்பர்ட் வூலி என்பவருக்கு விரைவீக்கத்துக்கும், செசில் ரோ என்பவருக்கு முழங்கால் குருத்தெலும்புக்கும் அறுவை. இரண்டும் சின்ன அறுவைகள், இருவரும் மற்றபடி நல்ல உடம்புக்காரர்கள். டாக்டர் கிரகாம் என்ற மயக்க மருத்துவர் இருவருக்கும் நூபர்கெய்ன் என்ற மருந்தை முதுகில் போட்டார். அறுவை முடிந்தது, ஆனால் மரத்த கால்கள் திரும்பவில்லை. இருவரும் ஆயுள் முழுக்க இடுப்புக்குக் கீழே முடங்கிப் போனார்கள். ஒரே நாள், ஒரே தியேட்டர், ஒரே டாக்டர், ஒரே மருந்து.

மருந்து கண்ணாடி ஆம்பியூலில் வந்தது. உள்ளே இருப்பது சுத்தம், வெளிப்புறம் சுத்தமில்லை. கையுறை போட்டவர் ஆம்பியூலைத் தொட்டால் கிருமி கைக்கு வந்து, கையிலிருந்து முதுகுக்குப் போகும். மூளை உறைக் காய்ச்சலுக்கு அது போதும். அதனால் கிரகாம், ஆம்பியூல்களைப் பீனால் கரைசலில் ஊறப் போடச் செய்திருந்தார். கவனக்குறைவான ஆள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள மாட்டார். நீதிமன்றத்தில் ஏற்கப்பட்ட விளக்கம் இது: கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தது, அதன் வழியே பீனால் உள்ளே கசிந்தது, மருந்தோடு சேர்ந்து முதுகுக்குள் போய் நரம்பை எரித்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் மயக்கவியல் பேராசிரியர் ராபர்ட் மெக்கின்டாஷ் இதற்குச் சாட்சியம் சொன்னார். பீனாலில் ஊறவைக்கும் வழக்கத்தின் ஆபத்து, 1951ல் வந்த அவருடைய புத்தகத்தின் மூலம்தான் மருத்துவ உலகத்துக்குத் தெரிந்தது.

வழக்கு 1953ல் விசாரணைக்கு வந்தது. அதற்குள் தேசிய சுகாதாரச் சேவை வந்து மருத்துவமனைகள் அரசு வசம் போயிருந்ததால், எதிர்வாதியாக நின்றது சுகாதார அமைச்சர். 1954ல் மேல்முறையீடு. 1947ல் இந்த விரிசல் ஆபத்து யாருக்கும் தெரியாது, தெரியாத ஒன்றைத் தடுக்கவில்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது என்பது தீர்ப்பு. 1947ன் விபத்தை 1954ன் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது என்று நீதிபதி டென்னிங் சொன்னது சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். ஆபத்து தெரிந்திருந்தால் பீனாலில் அடர் நீலச் சாயம் கலந்திருப்பார்கள், கசிவு கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்றும் அவர் குறிப்பிட்டார். சட்டப்படி அது நேர்மையான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் கால் போன இருவரும் வழக்கும் தோற்று வீட்டுக்குப் போனார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இது சட்டப் புத்தகத்துக் கதை. 1990ல் ஹட்டர் என்ற மயக்க மருத்துவர் இந்த விபத்தை மறுபடி ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அந்த நுண்ணிய விரிசல் வழியாக இவ்வளவு சேதம் செய்யும் பீனால் போயிருக்குமா என்ற சந்தேகம் பலருக்கும் இருந்துவந்தது. ஹட்டர் விரலை வேறு இடத்துக்கு நீட்டினார்: சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைத்த பாத்திரம். அதில் படியும் உப்பை நீக்க அமிலம் ஊற்றுவார்கள். அந்த அமிலத்தை வடிக்காமல் விட்ட தண்ணீரில் அன்று காலை சிரிஞ்சும் ஊசியும் கொதித்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. நாற்பது வருடத்துக்குப் பிந்தைய ஊகம்தான், யாராலும் இனி நிரூபிக்க முடியாது.

எனக்கு அதைப் படித்ததும் உறைத்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். ஸ்டெரிலைசரின் அடியில் இரண்டு வாரத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். கம்பிச் சுருள் தெரியாது, தண்ணீர் கொதிக்க நேரமெடுக்கும், கண்ணாடி சிரிஞ்சின் தண்டு உப்புப் பிடித்து உள்ளே ஓடாது. ஆயாம்மா எலுமிச்சைத் தோலும் புளியும் போட்டுத் தேய்ப்பார். அதற்கும் மசியாவிட்டால் கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, நுரைத்துப் பொங்கியதும் கொட்டுவார். எத்தனை தண்ணீர் விட்டு அலசினார் என்பது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும்தான் தெரியும். எனக்கு முன்னால் இருந்த மூத்த சிஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: பொருக்கு எடுத்த நாளில் அந்தப் பாத்திரத்தில் ஸ்பைனல் சாமான் கிடையாது, கட்டு மாற்றும் கத்திரிகளை மட்டும் போடு. ஏன் என்று கேட்டால், “முதுகுக்குள்ள போறது, சும்மாவா” என்பார். அவர் ஹட்டரைப் படித்தவரில்லை.

செஸ்டர்ஃபீல்டுக்குப் பிறகு பிரிட்டனில் ஏறத்தாழ இருபது வருடம் ஸ்பைனல் ஒதுங்கிப் போயிற்று. 1950ல் அமெரிக்காவிலும் ஃபாஸ்டர் கென்னடி என்ற நரம்பியல் மருத்துவர், முதுகு ஊசிக்குப் பின் முடங்கியவர்களைப் பட்டியலிட்டுப் பயத்தைக் கூட்டியிருந்தார். அதே டிரிப்ஸும் வாண்டமும் தங்கள் பத்தாயிரம் ஸ்பைனல்களில் பெரிய நரம்புச் சேதம் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 1954ல் அறிவித்தார்கள். மேல்முறையீடு நடந்த அதே வருடம். கணக்கு ஒரு பக்கம் இருந்தது, முடங்கிய இரண்டு பேரின் கதை மறுபக்கம் இருந்தது. கதை ஜெயித்தது.

தட்டு செய்த வேறு தீங்குகளும் உண்டு. காசநோய் மூளைக் காய்ச்சலுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில், குழந்தைகளின் முதுகில் திரும்பத் திரும்பக் குத்தி மருந்து செலுத்தினார்கள். பிழைத்த குழந்தைகள் சிலருக்கு, வருடங்கள் கழித்து முதுகுத்தண்டுக்குள் கட்டி. அறுத்துப் பார்த்தால் உள்ளே தோல் செதில்கள். ஸ்டைலெட் இல்லாத ஊசி, தோலில் ஒரு துணுக்கை வெட்டி உள்ளே கொண்டுபோய் விதைத்திருந்தது. 1956ல் இதைப் பற்றிய கட்டுரை வந்தது. ஒரு மெல்லிய கம்பி இல்லாததன் விளைவு. எங்களிடம் ஸ்டைலெட் தொலைந்த ஊசிகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. அவற்றைச் சீழ் உறிஞ்சக் கொடுத்துவிட்டோம்.

2005ல், சுனாமி வந்த மறு ஆண்டு, இலங்கையில் பிரசவ அறுவைக்கு ஸ்பைனல் போட்ட ஐந்து தாய்மாருக்குப் பூஞ்சையால் மூளை உறைக் காய்ச்சல் வந்தது. மூன்று பேர் இறந்தார்கள். சந்தேகம் போய் நின்றது சிரிஞ்சுகளிலும் அவற்றை வைத்திருந்த இடத்திலும். 2012ல் அமெரிக்காவில் ஒரே மருந்துக் கூடத்திலிருந்து போன ஸ்டீராய்டு ஊசியால் 750 பேருக்கு மேல் பூஞ்சை நோய், 60 பேருக்கு மேல் சாவு.

எல்லாவற்றிலும் கொடியது வின்கிரிஸ்டின். ரத்தப் புற்றுநோய்க்கு ரத்த நாளம் வழியே ஏற்றும் மருந்து அது. அதே நோயாளிக்கு அதே நாளில் முதுகு வழியே வேறு மருந்து போடுவார்கள். இரண்டு சிரிஞ்சும் ஒரே தட்டில் இருந்தால் ஒருநாள் மாறும். முதுகுக்குள் போன வின்கிரிஸ்டினால் நோயாளி சில நாட்களிலோ வாரங்களிலோ ஏறக்குறைய எப்போதும் இறக்கிறார். 2001 ஜனவரியில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 18 வயது இளைஞர் ஒருவருக்கு இப்படி நடந்தது, அடுத்த மாதம் இறந்தார். சிரிஞ்சில் நிரப்பாதே, சின்னப் பையில் கலந்து ஏற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2007ல் எச்சரித்தது. பையை யாரும் முதுகு ஊசியில் மாட்டப் போவதில்லை. 2016ல் சர்வதேசத் தர அமைப்பு, முதுகு ஊசிக்கென்று தனி இணைப்பு வடிவத்தையே வகுத்துவிட்டது. சாதாரண சிரிஞ்சு அதில் மாட்டாது.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தப் பயங்கள் எதுவும் இல்லை. சிசேரியன் ஆகிப் பத்து வருடம் கழித்து இடுப்பு வலித்தாலும் “அன்னிக்கு முதுகுல போட்டாங்கல்ல, அந்த ஊசிதான்” என்பதே அவர்கள் குறை. குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். நாட்பட்ட இடுப்பு வலிக்கு அந்த ஊசியைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை. பிள்ளையைத் தூக்குவதும் குனிந்து குடம் தூக்குவதும் காரணம் என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

மாணவிகளிடம் மட்டும் விட்டதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு முதுகில் குத்தினால், உள்ளே ரத்தம் கட்டித் தண்டுவட நரம்புகளை நெரிக்கலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1997 டிசம்பரில் ஹெப்பாரின் வகை மருந்துகளுக்காக இதை எச்சரித்தது. கட்டை அறுத்து எடுக்க எட்டு மணி, மிஞ்சினால் பன்னிரண்டு மணி நேரம்தான். அதற்குப் பிறகு எடுத்தாலும் கால் திரும்புவது அபூர்வம். இந்த நேரம் பெரும்பாலும் ராத்திரியில்தான் வருகிறது. அந்நேரம் வார்டில் டாக்டர் இருப்பதில்லை, நைட் டியூட்டி நர்ஸ் இருக்கிறாள். பி.பி. பார்க்கப் போகும்போது போர்வையைத் தூக்கிக் கால் விரலை அசைக்கச் சொல், சிறுநீர் போனாரா என்று கேள் என்பேன். ஒருமுறை அசைத்த விரல் மறுமுறை அசையவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே, அப்போதே டாக்டரை எழுப்பு. எத்தனை மணிக்கு எழுப்பினாய் என்பதையும் நோட்டில் எழுது.